திரைக்கு முன்னால் ஐந்து பேர்

செய்தி குன்னூரிலிருந்து வந்தது. வேணியின் மகள்தான் கூப்பிட்டாள். "அத்தை, அம்மா காலைல போயிட்டாங்க" என்றாள். நான் அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தேன். "சரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டு அப்படியே நின்றேன். ரொட்டி கருகிப்போனது.

மறுநாள் குன்னூரில் போய் இறங்கினால் தெருமுனையில் பேனர். அவள் படத்துக்குக் கீழே, 'அச்சம் என்பதையே அறியாத செவிலியர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வேணியை அறிந்த உங்களுக்குச் சொல்கிறேன், அது பொய். என்னைவிடப் பயந்தவள் அவள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மரியாதைக்காக இன்று அவளை 'அவர்' ஆக்கவும் எனக்கு மனமில்லை.

சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். அவள் டிஸ்பென்சரி நர்ஸ். நான் அதை ஒட்டிய பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். நான் சிலோனிலிருந்து அப்பா அம்மாவோடு வந்தவள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒன்றில் குடியிருந்தோம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் டிஸ்பென்சரி வாசலில் வேணி, நான், கொழுந்து பறிக்கும் மூவர் என ஐந்து பெண்கள் கூடித் தேநீர் குடிப்போம். நான்கு பேர் பேசுவார்கள். நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவேன். என் பேச்சைக் கேட்டு 'சிலோன்காரி' என்று சிரித்தவர்கள் உண்டு. அதன் பிறகு நாலு பேர் முன்னால் பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவளைப் பார்ப்பேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு எஸ்டேட்டில் படம் போடுவார்கள். பொழுது சாய்ந்தால் யானை நடமாட்டம் என்பதால் மத்தியானமே போட்டுவிடுவார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக் கொட்டகைதான் இடம். சன்னல்களைச் சாக்கால் மூடி, நடுவில் ஒரு வெள்ளைத் துணி கட்டுவார்கள். துணிக்கு முன்னால் அதிகாரிகளுக்கு நாற்காலி, ஸ்டாஃபுக்கு பெஞ்சு. லயத்து ஆட்களுக்குத் துணியின் பின்பக்கம், தரையில். அங்கேயும் படம் தெரியும், ஆனால் இடம் வலம் மாறித் தெரியும். கதாநாயகன் இடது கையால் திருநீறு பூசி, இடது கையால் சோறு சாப்பிடுவான். சினிமாக்காரர்கள் எல்லாருமே இடக்கையர்கள் என்று லயத்தில் பலர் சத்தியம் செய்வார்கள். எழுத்துகளும் திரும்பித் தெரிவதைப் பார்த்த பிறகும் நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பினேன். யாரும் என்னைப் பார்க்காத இடம் என்பதால் எனக்கு அந்தப் பின்பக்கம் வசதியாகவும் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை வேணி கேட்டாள். "ஏன் புள்ள, ஞாயித்துக்கிழமை படத்துக்கு அஞ்சு பேரும் சேர்ந்து போலாமா? முன்னாடி பெஞ்சுலயே உக்காரலாம்."

மாட்டேன் என்று தலையாட்டினேன்.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம். வந்து உக்காந்தாப் போதும். பயமா இருந்தா நெருங்கி உக்காந்துக்கலாம்" என்றாள்.

போனோம். இரண்டாவது பெஞ்சில் ஐந்து பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். படம் தொடங்கும் முன் ஹெட் கிளார்க் வந்துவிட்டார். "நர்ஸம்மா, நீங்க இருங்க. இவங்க எப்பவும் போலப் பின்னாடி போகட்டும்" என்றார். நாங்கள் நால்வரும் வேணியைப் பார்த்தோம். அவள் வாயே திறக்கவில்லை. மற்ற மூவரும் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தே விட்டார்கள். நானும் எழுந்திருப்பேன். ஆனால் வேணி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அந்தக் கை வியர்வையில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ தெரியவில்லை.

"ஐயா, பின்னுக்கு இருந்து பார்த்தா எல்லாரும் இடது கையாலதான் சோறு திங்கிறாங்க. இன்னைக்கு வலது கையால திங்கிறதப் பார்க்க வந்திருக்கோம். பார்த்துட்டுத்தான் போவோம்" என்றேன்.

நாற்காலியில் யாரோ சிரித்தார்கள். துணிக்குப் பின்னால் லயத்துப் பெண்கள் அதைவிடப் பலமாகச் சிரித்தார்கள். ஹெட் கிளார்க் எங்களை விட்டுவிட்டு, படம் ஓட்டுபவரிடம் எரிந்து விழுந்தார். எழுந்த மூவரும் உட்கார்ந்தார்கள். அன்றைய கதை எனக்கு நினைவில்லை. பத்தாம் வகுப்புத் தேறிய நான் இந்தியா வந்த பிறகு முதல்முறையாக, திரையில் ஓடிய பெயர்களை எழுத்துக்கூட்டாமல் படித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளோடு சண்டைக்கு நின்றேன். "நீங்க ஏன் பேசல நர்ஸம்மா?"

டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு புள்ள. இத்தன மாசமா அந்த பெஞ்சுல ஆம்பளைங்களுக்கு நடுவுல தனியா உக்காரக் கூச்சப்பட்டுக்கிட்டு, வாசல் வரைக்கும் வந்துட்டு ஊட்டுக்குத் திரும்பிப் போயிருக்கேன். துணைக்குத்தான் உங்களையெல்லாம் இழுத்துட்டுப் போனேன்."

எல்லோரும் சிரித்துத் தீர்த்தோம். அன்றிலிருந்து எனக்கு அவள் நர்ஸம்மா இல்லை, வேணி.

அடுத்த மாதம் பெஞ்சுக்கு ஒன்பது பெண்கள் வந்தார்கள். அதற்கடுத்த மாதம் இடம் போதாமல் முன்பக்கத் தரையிலும் உட்கார்ந்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை, பின்னால் உட்கார ஆள் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். கடைசியில் அந்தத் துணியைச் சுவரோடு சேர்த்துக் கட்டினார்கள்.

எனவே அச்சம் அறியாதவள் என்று அவளைப் புகழ வேண்டாம். கை நடுங்க நடுங்க அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளே, அந்தப் பெருமையை அவளிடமிருந்து பறிக்காதீர்கள். என் கூச்சமும் எங்கேயும் போய்விடவில்லை. அவள் பிடித்த மணிக்கட்டு என்னிடம் இருக்கிறது. அழைக்காத இடத்துக்குப் போகும்போதெல்லாம் அதை மறு கையால் பிடித்துக்கொள்கிறேன்.

குன்னூர் இரங்கல் கூட்டத்திலும் அப்படித்தான். அந்த ஐவரில் மிஞ்சிய மூன்று பேரும் போயிருந்தோம். முன்வரிசை நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். போய் நெருங்கி உட்கார்ந்தோம். கூட்டம் நடத்துபவர் குனிந்து, "அம்மா, கொஞ்சம் பின்னாடி போயிடறீங்களா? இது பேசறவங்களுக்குங்க" என்றார்.

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "நானும் பேசுறவதான்" என்றேன்.