வாசலில் நாலு கோஸ்தாதின்

டோப்ரின்கா முப்பது வருஷம் தர்னோவோ நகரத்துப் பெரிய கடையில் கண்ணாடி ஜன்னல் அலங்கரித்தவள். கடையில் விற்க ஒன்றுமில்லாத காலத்தில்கூட, மூன்று காலி டின்னையும் ஒரு சீட்டித் துணியையும் வைத்து, போகிறவர்களை நின்று பார்க்க வைத்திருக்கிறாள். உள்ளே போனவர்கள் வெறுங்கையோடு திரும்பி வந்து திட்டினார்கள். அது அவள் தலைவலி இல்லை. நின்றார்களா இல்லையா, அதுதான் அவள் கணக்கு. ஒவ்வொரு அலங்காரம் முடிந்ததும் தெருவைத் தாண்டி எதிர் நடைபாதையில் நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

மார்ச் மாதத்தில் அவள் கணவன் கோஸ்தாதின் இறந்துபோனான். நாலாவது மாடி ஏற முழங்கால் ஒத்துழைக்காததால் அவள் தங்கை வீட்டுக்குக் குடிபோனாள். பூட்டிக் கிடந்த வீட்டை என்ன செய்வது என்பதில் ஸ்பெயினில் லாரி ஓட்டும் மகனுக்கு ஒரு குழப்பமும் இல்லை.

"திமித்தர் திருநாளுக்குள்ள குடித்தனம் வந்தா சரி. இல்லேன்னா வித்துடலாம்மா. பூட்டி வச்சு யாருக்குப் பிரயோசனம்?" என்றான் போனில்.

திமித்தர் திருநாள் அக்டோபர் கடைசியில் வரும். வீடு விற்றுப்போனால், வாங்குகிறவன் முதலில் இடிக்கப் போவது கோஸ்தாதின் கண்ணாடி வைத்து அடைத்த பால்கனியைத்தான் என்று டோப்ரின்காவுக்குத் தெரியும். சட்டங்களை அவன் தன் கையால் இழைத்து மாட்டியிருந்தான். குளிர்காலம் முழுக்க இருவரும் அங்கேதான் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். அந்தப் பால்கனி போவதை அவளால் தாங்க முடியாது.

ஆகவே வேலையில் இறங்கினாள். பாதிச் சாமான்களை நிலவறைக்கு அனுப்பினாள். கண்ணாடி அலமாரியில் இருந்த பீங்கான் நாய்கள், மதுக் கோப்பைகள் எல்லாம் போயின. சுவருக்குப் பால் வெள்ளை அடித்தாள். படுக்கையில் ஒரே ஒரு தலையணை. இரண்டு வைத்தால் இன்னொருத்தருடையது என்று தோன்றும். மேஜையில் சீமை மாதுளை நாலைந்து, வாசனைக்காக. ஆள் வரும் நேரத்துக்கு மூலை விளக்கைப் போட்டு, காபியைக் கொதிக்கவிடுவாள். தங்கை மகள் படம் பிடித்து இணையத்தில் போட்டதும் போன் வந்துகொண்டே இருந்தது.

போன் வந்தது, ஆள்தான் வரவில்லை. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சொன்ன நேரத்துக்கு வருகிறார்கள், தெருக்கதவு முன்னால் நிற்கிறார்கள், அண்ணாந்து ஒரு தரம் பார்க்கிறார்கள், மணியை அடிக்காமலே போய்விடுகிறார்கள். செப்டம்பர் முழுக்க இதே கூத்து. காபி சுண்டிச் சுண்டிக் கசந்தது.

கீழ்வீட்டு ரங்கெல்தான் உடைத்துச் சொன்னார்.

"உள்ளே நீ அரண்மனையே கட்டி வச்சிருக்கலாம், டோப்ரின்கா. வாசல்ல உன் புருஷன் நாலு தடவை செத்திருக்கானே."

"அவரு ஒரு தடவைதான் செத்தாரு. மத்ததெல்லாம் நினைவுக்கு."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். குடியிருக்க வர்றவனுக்கு? பேய் வீடுன்னு ஓடறான்."

அவள் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

அந்த ஊரில் சாவு அறிவிப்பை அச்சடித்துத் தெருக்கதவில் ஒட்டுவார்கள். செத்த அன்றைக்கு ஒன்று, பிறகு நினைவுக்காக நாற்பதாம் நாளுக்கு ஒன்று, மூன்றாம் மாதத்துக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று என்று படத்தோடு ஒட்டிக்கொண்டே போவார்கள். கையால் கிழிப்பவர் யாரும் இல்லை. மழையும் வெயிலும் பார்த்துக்கொள்ளும். இந்தக் கதவுக்கு மட்டும் மழை வராது. மேலே தகரக் கூரை போட்டவன் கோஸ்தாதின். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனுஷன். அதனால் கறுப்புக் கட்டத்துக்குள் நாலு கோஸ்தாதினும் நேற்று ஒட்டியது போலப் பளிச்சென்று, வருகிறவர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் பாதி ஆனது. ஒரு நாள் காலை டோப்ரின்கா தெருவைத் தாண்டி எதிர் நடைபாதையில் நின்று, கதவைக் கடை ஜன்னலைப் பார்ப்பது போலப் பார்த்தாள். 'நானே உள்ளே போகமாட்டேன்' என்று தோன்றியது. இத்தனை நாள் அது தெரியாமல் இருந்ததற்குத் தன்மேலேயே கோபம் வந்தது. தெரிந்திருந்தது என்பதுதான் உண்மை.

வெந்நீரும் துணியும் கொண்டுவந்து, மூலை கிழியாமல் நாலையும் எடுத்தாள். அழுகை வந்தது, அழுதாள். தாள்களை மேஜை விரிப்பு இருக்கும் இழுப்பறையில் படுக்க வைத்துவிட்டு, அதே இடத்தில் 'வீடு வாடகைக்கு' என்று எழுதி ஒட்டினாள். ரொட்டி வாங்கிக்கொண்டு வந்த ரங்கெல் பழக்கதோஷத்தில் அதற்கு முன்னால் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம்தான் படித்தார்.

மூன்றாம் நாள் ஒரு பெண் மணியை அடித்தாள். கலினா என்று பெயர்; பல் செட் செய்யும் இடத்தில் வேலை. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பால்கனியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். அது கோஸ்தாதின் கைவேலை என்று டோப்ரின்கா சொன்னாள். பிடித்திருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டாள். பேனாவை மூடியபின் கேட்டாள்.

"கீழ இருந்த தாளெல்லாம் எங்கம்மா?"

டோப்ரின்கா இழுப்பறையைக் காட்டினாள். "நீ எப்பப் பார்த்தே?"

"போன மாசம் நீங்க வரச்சொன்னீங்களே, வந்தேன். வாசலோட திரும்பிட்டேன்."

"பயந்துட்டியா?"

"பயமா? எங்க வீட்டு வாசல்ல எங்க தாத்தா பதினோரு வருஷமா இருக்காரு. துக்க வீட்டுல ஏறி வந்து வாடகை எவ்வளவுன்னு எப்படிம்மா கேக்கறது? வரலைன்னு போன் பண்ணக்கூடக் கூச்சமா இருந்துச்சு. இப்ப எடுத்திருந்ததப் பார்த்துதான் மணி அடிச்சேன்."

டோப்ரின்கா ஒரு மாதமாக அந்த ஆட்களையெல்லாம் மனசுக்குள் திட்டித் தீர்த்திருந்தாள். அவர்கள் மரியாதைக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

"இப்பதான் நான் வந்தாச்சே. மறுபடி ஒட்டிடுங்க. அவரு கட்டின பால்கனில நான் உக்காந்துட்டு, அவரை இழுப்பறைல வைக்கறது நல்லாயில்ல" என்றாள் கலினா.

இருவரும் கீழே போனார்கள். நாலும் வேண்டாம், ஒன்று போதும் என்றாள் டோப்ரின்கா. நிறைய வைத்தால் எவனும் நிற்கமாட்டான். வாடகை அறிவிப்பை எடுத்துவிட்டு, கலினா தாளைக் கதவுக் கண்ணாடியில் வைத்துப் பிடித்தாள். டோப்ரின்கா தெருவைத் தாண்டிப் போய் எதிரே நின்றாள்.

"கொஞ்சம் இடப்பக்கம். மேல. போதும், ஒட்டு."

காய்கறிப் பையோடு வந்த யாரோ ஒருத்தி கதவு முன்னால் நடையைத் தளர்த்தினாள். பையைக் கீழே வைத்தாள். படத்தைப் பார்த்து, பெயரைப் படித்து, சிலுவை போட்டுக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு போனாள்.

"நின்னா பாரு" என்றாள் டோப்ரின்கா.