கியர் பாக்ஸுக்கு ஒரு இணையதளம்

என் வீட்டுக்காரர் விசைப்படகு கியர் பாக்ஸ்களைப் பிரித்துச் சரிசெய்யும் மெக்கானிக். காசிமேடு துறைமுகத்தை விட்டு வெளியே வந்து கல்மண்டபம் போகிற வழியில் எங்கள் பட்டறை. ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் பாதி வரை போட்டெல்லாம் கரையில்தான். அந்த இரண்டு மாதமும் அவருக்குச் சோறு தின்ன நேரமிருக்காது. தடை நீங்கி போட்டுகள் கடலுக்குப் போய்விட்டால், மிச்ச மாதமெல்லாம் ஈ ஓட்ட வேண்டியதுதான். எத்தனை வருஷம் ஒரு மனுஷன் ஈ ஓட்டுவான்? துபாயில் கப்பல் பட்டறை வேலைக்கென்று மண்ணடி ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வருஷம் தடைக்காலம் முடிந்ததும் விமானம் என்று முடிவாகியிருந்தது.

நான் சும்மா விடுகிற ஆளா? ராயபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில், வருகிறவர்களின் விண்ணப்பங்களையெல்லாம் ஆன்லைனில் போட்டுக்கொடுப்பதுதான் என் வேலை. ஊருக்கெல்லாம் செய்கிறோம், சொந்தப் புருஷனுக்குச் செய்யக் கூடாதா என்று ரோஷம் வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து பட்டறைக்கு ஓர் இணையதளம் செய்துவிட்டேன். பிரித்துப்போட்ட கியர் பாக்ஸ், பற்சக்கரங்கள், கிரீஸ் கையோடு அவர் என்னை முறைக்கிற முறைப்பு, எல்லாம் படமாக ஏறின.

"ஆர்பரு எதிர்க்க கீது, போட்டு எதிர்க்க கீது. இத்தப் போயி எவன் போன்ல பாக்கப் போறான்?" என்றார் அவர்.

"நீ கம்முனு இருய்யா" என்றேன்.

கடைசியில் அவர் சொன்னதுதான் நடந்தது. எந்த வார்த்தையைப் போட்டுத் தேடினாலும் எங்கள் தளம் வரவில்லை. கடலில் கரைத்த பெருங்காயம்! அதைத் திறந்து பார்த்தவர்கள் நானும் என் தங்கச்சியும்தான்.

தேடிக்கொண்டே இருந்ததில்தான் டைரக்டரிகள் கண்ணில் பட்டன. ஒரே துறையைச் சேர்ந்தவர்களின் தளங்களை மட்டும் வகை பிரித்து அடுக்கி வைக்கிற இடங்கள் அவை. நம் தளத்தின் முகவரியும் நாலு வரி விவரமும் கொடுத்தால், யாரோ படித்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. முதலில் கிடைத்த வண்டி ரிப்பேர் டைரக்டரியிலேயே போட்டுவிட்டேன். மறுநாளே எம்.கே.பி. நகரிலிருந்து ஒருத்தர் போன் செய்தார். "நைனா, பைக்கு கியரு மாட்டிக்கினு கீது, வூட்டாண்ட வர்றியா?" வீட்டுக்காரர் போனை என் கையில் திணித்து, "உன் கஸ்டமரு. நீயே போய் செஞ்சிகுட்த்துட்டு வா" என்றார். பட்டறையே சிரித்தது.

சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு மறுபடி தேடினேன். இந்தத் தடவை மீன்பிடிப் படகுகளுக்கென்றே ஒரு டைரக்டரி அகப்பட்டது. அம்மாடியோவ்! வலைக்கு ஒரு பக்கம், ஐஸுக்கு ஒரு பக்கம், பெயின்டுக்கு ஒரு பக்கம், கியர் பாக்ஸுக்கே தனியாக ஒரு பக்கம். பனி உறைந்த ஏதோ ஒரு துறைமுகத்தில், தலைக்குக் கம்பளித் தொப்பி போட்ட ஒருத்தர், என் வீட்டுக்காரர் பிடிக்கிற மாதிரியே ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் கையிலும் அதே கறுப்பு கிரீஸ். வாயில் நுழையாத ஊர்ப்பெயர்களைப் படித்துக்கொண்டே போனேன். உலகத்தில் இவ்வளவு கரை இருக்கிறது, கரைக்குக் கரை இந்தக் கியர் பாக்ஸ் கெட்டுப்போகிறது என்று நினைத்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. எதிரே விண்ணப்பம் போட வந்து நின்றவரைக்கூட நான் கவனிக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் எங்களையும் சேர்த்தேன். எந்த மாதங்களில் வேலை செய்வீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஏப்ரல் பாதி முதல் ஜூன் பாதி வரை என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். கரையில் போட்டு நிற்கிற காலம் உலகத்துக்கே அதுதான் என்று நினைத்திருந்தேன்.

ஜூன் பிறந்ததும் ஒரு போன் வந்தது. கன்னியாகுமரிப் பக்கம், குளச்சலிலிருந்து ஒரு போட் ஓனர். வயதான குரல்.

"மக்களே, ஜூன் பாதியோட கடைய அடச்சிருவியளா? எங்களுக்கு இப்பந்தான தடைக்காலமே தொடங்குது!"

"இப்பதானா? எங்களுக்கு முடியப் போவுதே!"

"அது ஒங்க கடலுக்கு. எங்களுக்கு மேக்குக் கடலு. ஜூலை கடைசி வரை போட்டு கரையிலதான் கெடக்கும். ஒங்க படத்துல பிரிச்சுப் போட்டிருக்க அதே பழைய கியர் பெட்டிதான் எங்க போட்டுலயும். அதத் தொடத் தெரிஞ்ச ஒரே மெக்கானிக்கு கல்ஃபுக்குப் போயிட்டான்."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரே மாநிலம், ரயில் ஏறினால் போய்விடலாம். இங்கே கடல் திறக்கிற நேரத்தில் அங்கே கடலை மூடுகிறார்கள். இத்தனை வருஷமாக ஈ ஓட்டினோமே! துறைமுகத்தில் எத்தனையோ பேருக்குத் தெரிந்த விஷயமாகத்தான் இருக்கும். எங்களிடம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இன்னாமே சொல்ற, ரெண்டு கடலா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஏஜென்டிடம் பேசிப் பயணத்தைத் தள்ளிவைத்தார். குளச்சல் வேலையை முடித்துவிட்டு வந்து விமானம் ஏறுவதாகத்தான் பேச்சு. டூல்ஸ் பெட்டியைக்கூட எடுக்கவில்லை, முக்கியமான சில சாமான்களை மட்டும் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினார். துபாய் போகிற ஆளைத் தடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அன்றைக்கு அழுதேன்.

ஜூலையில் ஒரு சாயங்காலம், ஜெராக்ஸ் கடையை விட்டு வீட்டுக்குள் நுழையும்போது வீடியோ கால் வந்தது. முகத்தைக் காட்டாமல் கடலைக் காட்டினார்.

"இன்னாமே, இங்க பாரேன். சூரியன் கடலுக்குள்ள எறங்குது!"

நான் ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். கடலிலிருந்து சூரியன் மேலே வந்துதான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் முழுக்கச் சிவந்து, அந்த வட்டம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. வாயைத் திறந்தபடி நின்றேன். முழுசாக மறைந்த பிறகுதான் போனைத் தன் முகத்துக்குத் திருப்பினார்.

"கல்ஃபு போன மெக்கானிக்கு சம்சாரம் இன்னிக்கு வந்துச்சி. அவரு டூல்ஸ் பொட்டிய தூக்கிக்கினு வந்து, வேல முடியிற வரிக்கும் வெச்சிக்கங்கண்ணான்னு குட்த்துச்சி. தொறந்து பாத்தேன். ஒரு ஸ்பானர்ல துரு இல்ல. வாரா வாரம் எண்ண போட்டுத் தொடச்சி வெக்கிதாம்."

அந்தப் பெட்டியைத் திறந்து எனக்கும் காட்டினார்.

"நான் துபாய்க்குப் போவல. நாளைக்கி மண்ணடி போயி பாஸ்போர்ட்ட வாங்கிக்கினு வந்துரு."

"நாளைக்கி இன்னாத்துக்கு? இப்பவே போறேன்" என்று, போனை அணைக்காமலே, கழற்றிப் போட்ட செருப்பைத் தேடினேன்.