நான் போட்டுக் கொடுத்த நிறம்

எனக்கு வந்த இங்கிலீஷ் எல்லாம் பூச்சிமருந்து டப்பாவைப் படித்து வந்தது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். டப்பாவில் உள்ளதை வாசித்துச் சொல்லப் போய், பிறகு செய்தித்தாள், பிறகு அகராதி என்று பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனுக்கு அது பெரிய பெருமை. யாராவது ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் ஒன்பது சொல் சொல்லித்தான் அனுப்புவேன்.

போன தை மாதம் என் தங்கை வந்தாள், மகளுக்கு வரன் பார்க்கக் கல்யாண வெப்சைட்டில் விவரம் பதிய வேண்டுமென்று. மகள் லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறாள். "அந்தப் பொண்ணு குத்துனா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது" என்று ஊரில் சொல்வார்கள்.

படிப்பு, உயரம், நட்சத்திரம் எல்லாம் போட்டாயிற்று. நிறம் என்ற இடத்தில் என் கை நின்றது. ஃபேர், வீட்டிஷ் என்கிற கோதுமை நிறம், டஸ்கி, டார்க் என்று நாலு இருந்தன.

டார்க் என்றால் என்ன என்று தங்கை கேட்டாள். இருட்டு என்றேன். அவள் முகம் சுருங்கியது. அப்போ டஸ்கி?

எனக்குள் இருக்கிற வாத்தியார் எழுந்துகொண்டார். டார்க் என்பது அமாவாசை இருட்டு, வரப்பு எது வாய்க்கால் எது என்று தெரியாது. டஸ்கி அப்படியில்லை. பொழுது சாய்கிற நேரம், நாம் கருக்கல் என்போமே, எதிரே வருகிறவர் இன்னார் என்று அடையாளம் தெரியும். டார்க்கில் வெளிச்சமே இல்லை. டஸ்கியில் வெளிச்சம் இப்போதுதான் எழுந்து போயிருக்கிறது.

"அப்ப அதையே போடுண்ணே" என்றாள். போட்டேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கறுப்பு என்று யாரும் எழுதுவதில்லை. மாநிறம் என்பார்கள். பேச்சில் வந்தால் 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கும்' என்பார்கள். இப்படிப்பட்ட பேச்சையெல்லாம் ரசித்துச் சேர்த்து வைக்கிறவன் நான். அந்த 'இருந்தாலும்' யாரைக் குத்தும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். தென்னந்தோப்பு, பையன் சிங்கப்பூரில். போட்டோவை ஸ்டுடியோக்காரர் தன் பங்குக்கு வெளுத்துக் கொடுத்திருந்தார். தங்கை மகள் காப்பித் தட்டோடு வந்ததும் பையனின் அம்மா அவளைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"மாநிறமா இருக்கும்னு நெனச்சு வந்தோம்" என்று தங்கையிடம் மெதுவாகத்தான் சொன்னார். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"தெனம் வெயில்ல ஸ்கூட்டர்ல போய்ட்டு வர்றா, அதான் கொஞ்சம் மங்கிட்டா. ரெண்டு மாசம் வீட்டுல இருந்தா பழைய நிறம் வந்துரும்."

பயிர் மஞ்சளடித்திருக்கிறது, யூரியா போட்டால் பச்சை திரும்பிவிடும் என்று கடையில் சொல்வேனே, அதே குரல்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"இதுதாங்க பழைய நிறம். பொறந்ததுலேருந்து இதான். மாமாவுக்குச் சொல்லக் கூச்சமா இருந்துருக்கு."

அவள் அப்பா பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். வந்த அம்மா காப்பியை முழுக்கக் குடித்துவிட்டு, போன் பண்ணுகிறோம் என்று எழுந்தார். போன் வரவில்லை. பெண்ணுக்கு வாய் அடங்கவில்லை என்று தங்கை மகளைத்தான் திட்டினாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

சில நாள் கழித்து, அந்த நிறத்தை மாற்றிவிடுங்கள் என்று தங்கை மகளே போனைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதும் என் வாய் நிற்கவில்லை. டஸ்கி தப்பான வார்த்தை இல்லை, அழகான வார்த்தை என்று ஆரம்பித்தேன்.

"அழகான வார்த்தைதான் மாமா. நீங்க அழகுக்குப் போடல."

போனை என் பக்கம் தள்ளி, "உங்க நிறந்தானே எனக்கு? அத்தையைப் பொண்ணு பாக்கப் போனப்ப உங்க நிறத்தை யாராச்சும் கேட்டாங்களா?" என்றாள்.

யாரும் கேட்கவில்லை. போனுக்கு மேல் என் கையும் அவள் கையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரே நிறம்தான். டார்க் என்பதைத் தொட்டேன். தொட்ட விரல் கொஞ்சம் தயங்கியதை அவள் பார்த்திருப்பாள்.

பிறகு கும்பகோணத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். நல்லவிதமாகப் பேசினார். வேலையைக் கேட்டார், நட்சத்திரம் கேட்டார், கடைசியில் பெண் என்ன நிறம் என்றார். அவள் எதிரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கறுப்புங்க" என்றேன்.

உள்ளதைச் சொல்லிவிட்டேன்தான். ஆனால் சொல்லும்போது என் குரல் தானாகத் தாழ்ந்தது, துக்கச் செய்தி சொல்கிற மாதிரி. கீரை ஆய்கிற கை ஒரு கணம் நின்று, பிறகு ஓடியது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.