வீதியோரக் கல்லும் அப்பாவின் தேங்காயும்

அப்பாவைப் பற்றி அடக்கமாக எழுதும்படி அம்மா சொன்னார். மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா, பெருமைப்படாமல் எழுத எனக்கு வராது.

அப்பா பரந்தனில் பிறந்தவர். இளவயதிலேயே லொறி ஓட்டத் தொடங்கினார். எவ்வளவு அவசரமானாலும் வீதியோரத்து முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிறுத்தி, பயணத்துக்குத் துணை வேண்டித் தேங்காய் உடைக்காமல் அவர் கடந்ததே இல்லை. போர் முடிந்தபோது அம்மாவையும் தம்பியையும் என்னையும் கூட்டிக்கொண்டு முள்வேலி முகாமுக்குள் போனார். அங்கே எங்களுக்காகத் தண்ணீர் வரிசையில் நின்று நின்று அவருடைய கால்கள் வீங்கின. வாசல் எப்போது திறக்கும் என்று எவரும் சொல்லவில்லை.

பிறகு ரொறன்ரோ வந்து டோர்செட் பார்க் அடுக்குமாடி ஒன்றில் குடியேறினோம். அப்பா வெதுப்பகத்திலிருந்து கடைகளுக்குப் பாண் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்தார். சில ஆண்டுகளில் சொந்தமாக ஒரு வான் வாங்கினார். முதல் ஓட்டம் பக்கத்து ஊரான அஜக்ஸுக்கு. பக்கத்தில் நான், என் மடியில் தேங்காய். வழியில் வீதியோரம் ஒரு கருங்கல்லும் அதன் முன்னால் பூக்களும் தெரிந்தன. அப்பா வானை ஓரங்கட்டினார்.

"அப்பா, உது கோயில் இல்லை."

"ரோட்டுக்கரையிலை கல்லும் பூவும் இருக்கு. வேறை என்னவாம்? சும்மா இரு பிள்ளை."

ஒரே அடிதான். தேங்காய்த் தண்ணீர் கல்லில் செதுக்கியிருந்த பெயர்களின் மேல் வழிந்தது. எதிர்வீட்டிலிருந்து வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். அவர்தான் மார்கரெட். "அதில் என் தகப்பனாரின் பெயர் இருக்கிறது!" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஐயோ, வானுக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது எனக்கு. நான் தமிழில் சொன்னதும் அப்பா போட்டிருந்த சேட்டைக் கழற்றி, முழங்காலிட்டுக் கல்லைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்தபடியே அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

வாசித்துச் சொன்னேன். இரண்டாம் உலகப்போரில் ஒரு வதைமுகாமின் வாசலைத் திறந்து, உள்ளே இருந்தவர்களை மீட்ட இவ்வூர்ப் படைவீரர்களின் பெயர்கள் அவை.

அப்பாவின் கை நின்றது. "இவையளே தேடிப் போயோ திறந்து விட்டவை?"

"ஓம் அப்பா."

"எங்களுக்கு ஒருத்தரும் வரேல்லையே, பிள்ளை."

அப்பா அழுது நான் கண்டது அன்றுதான். அவர் என்ன சொன்னார் என்று மார்கரெட் கேட்டார். சொன்னேன். அவரும் பக்கத்தில் முழங்காலிட்டார்.

அதன்பின் அப்பா அந்தக் கல்லை நிறுத்தாமல் கடந்ததில்லை. கோடையில் புல் பிடுங்கினார், மாரியில் பனி தள்ளினார். தேங்காய் மட்டும் வேண்டாம் என்று மார்கரெட் கேட்டிருந்தார். அப்பாவும் சரி என்றார், சொன்ன சொல் தவறவில்லை. ஆண்டுதோறும் நவம்பரில், போர்வீரர் நினைவுநாளன்று, வீரர்களின் குடும்பத்தினர் அங்கே மலர்வளையம் வைப்பார்கள். ஒருமுறை மார்கரெட் தன் வளையத்தை அப்பாவிடம் நீட்டி, "முகாமில் இருந்தவர் வைப்பதுதான் முறை" என்றார். கழுத்துவரை பொத்தான் பூட்டிய கோட்டோடு அப்பா நடந்து போனதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

நோய் முற்றிய நாட்களில் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "என்னைக் கொண்டு போகேக்கை அந்தக் கல்லடியிலை ஒருக்கா நிப்பாட்டுங்கோ." நான் கையடித்து வாக்குக் கொடுத்தேன். ஆனால், பிரேத ஊர்தியை வழியில் எங்கும் நிறுத்த முடியாது என்று இறுதிச்சடங்கு நிறுவனத்தார் சொல்லிவிட்டார்கள். எவ்வளவோ மன்றாடியும் பார்த்தேன்.

வைத்தியசாலையில் மாறி மாறி எங்களோடு இருந்தவர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறும் கறியும் கொண்டுவந்த அயலவர்களுக்கும், தேவாரம் பாடியவர்களுக்கும், இந்த முப்பத்தோராம் நாள் நினைவில் எங்களோடு இருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அன்று ஊர்தி அந்த இடத்தை நெருங்கியபோது, நடுவீதியில் ஒரு கையை உயர்த்தியபடி மார்கரெட் நின்றார். ஊர்தி நின்றது. அவருடைய மற்றக் கையில் தேங்காய்.

"இன்றைக்கு அவருக்குத் தூரப் பயணம்" என்றார்.

இரண்டு தரம் அடித்தும் உடையவில்லை. மூன்றாம் தரம் பிளந்தது. தண்ணீர் அவருடைய தகப்பனாரின் பெயர் மேல் வழிந்தது. நான் துடைக்கப் போனேன்.

"விடு, இருக்கட்டும்" என்றார் மார்கரெட்.