கொத்தனார் வீட்டு உபதேசியார் படம்

செங்கலில் பொன்னுதாஸ் கட்டிய வீடுகள் நாற்பதுக்குக் குறையாது. முப்பத்தெட்டு வருஷம் சாந்தும் கரண்டியுமாகக் கிடந்த ஆள். கால் முட்டு தேய்ந்தபிறகு கரண்டியைக் கழுவி வைத்தார். மகள் ஜீனா கல்யாணம் முடிந்து பெங்களூரில். மனைவி லீலாபாய் போய் நாலு வருஷம் ஆகிறது. அதன்பிறகு அந்த வீட்டுக்கு வந்துபோனவர்கள் என்றால் கரண்ட் மீட்டர் பார்க்கிறவனும் வழி தவறின கூரியர்காரனும்தான்.

மீதி நேரமெல்லாம் அவருக்குத் துணை, டிவியும் சுவரில் தொங்கிய ஒரு எண்ணெய்ச் சாயப் படமும்தான். மீசையில்லாத ஒரு மனிதர், மடியில் வேதபுஸ்தகம். லீலாபாயின் தாத்தாவுக்குத் தகப்பன். மிஷன் சபையில் உபதேசியாராக இருந்தவர். லீலாபாயின் அண்ணன் புது வீடு கட்டியபோது வேண்டாமென்று இங்கே தள்ளிவிட்ட படம். வெள்ளைக்கார மிஷனரி வரைந்தது என்று அந்த வீட்டார் சொல்வார்கள். நெய்யாற்றின்கரையில் கடைப்பலகை எழுதுகிறவன் வரைந்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

இந்த வருஷம் சபைக்கு நூற்றைம்பது வயது. மிஷனரி வரைந்த படமானால் நினைவு மண்டபத்தில் வைக்கலாம் என்று சபைச் செயலாளர் சஜின் கமிட்டியோடு வந்தான். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. நாலு பேர் உட்கார்ந்து சாயா குடித்து, படத்தைப் பற்றி வாதாடி, மரச்சீனிக் கிழங்கு விலைவரை பேசிவிட்டுப் போனார்கள். அந்த மூன்று நாளும் பொன்னுதாஸ் டிவி போடவில்லை. படத்தைக் கொடுக்க அவருக்குத் தயக்கமில்லை. கொடுத்துவிட்டால் பிறகு யார் வருவார்கள் என்பதுதான் அவரைக் குடைந்தது.

படத்தைப் பார்க்க சஜின் ஒரு பெண்ணை அனுப்பினான். பிரசீதா, பாறசாலைக்காரி, திருவனந்தபுரத்தில் பழைய படங்களைச் சுத்தம் செய்கிற வேலை. படத்தை ஜன்னலோரம் சாய்த்து டார்ச் அடித்தாள். விரலால் தொட்டு முகர்ந்தாள்.

“மாமா, இதுல தேங்காண்ணெ தேச்சியளா?”

“வருஷந்தோறும் கிறிஸ்துமசுக்கு முன்ன. லீலா தேய்ப்பா, பிறவு நானாக்கும். மினுமினுன்னு இருக்கும்லா.”

“மினுங்கும். பிறவு தூசி பூராவும் அதுல ஒட்டும். பப்படம் பொரிச்ச சட்டி மாதிரி ஆயாச்சு. முகம் கறுத்தது அதனாலயாக்கும்.”

“உபதேசியாரு நெறமே அதுதான்னுல்லா நெனச்சேன்.”

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார்.

படத்தின் துணி கீழ்ப்பக்கம் இற்றிருந்தது. தோள் பக்கம் சாயம் பொரிந்து நின்றது. வலது மூலையில் எண்ணெய் கட்டியாக உறைந்திருந்தது. அதற்கடியில் வரைந்தவர் கையெழுத்து இருக்கலாம், பஞ்சும் மருந்தும் வைத்து ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்றாள்.

“எடுத்தா?”

“மிஷனரின்னா மண்டபத்துக்குப் போவும். இல்லன்னா இங்கயே கெடக்கட்டும்னு சஜின் அண்ணன் சொன்னாரு.”

பொன்னுதாஸ் யோசித்தார். எப்படி முடிந்தாலும் கமிட்டிக்கு அதோடு அவர் வீட்டில் வேலை இல்லை.

“வேண்டாம் மக்கா. தொடண்டாம்.”

“பயப்படண்டாம் மாமா, படத்துக்கு ஒண்ணும் ஆவாது.”

“தொடண்டாம்னா தொடண்டாம்.”

வரைந்தவர் யாரென்று உறுதியில்லை என்று அவள் தாளில் எழுதிக்கொண்டாள். இனி எண்ணெய் தேய்க்கப்பிடாது என்று இரண்டு தடவை சொன்னாள். அடுத்து எப்போது வருவாள் என்று கேட்டார்.

“போட்டோ எடுத்து அனுப்பினா போதும் மாமா. அங்கயிருந்தே சொல்லிருவேன்.”

மறுநாள் சஜின் போன் செய்தான். “அண்ணா, உறுதியில்லாத படத்த மண்டபத்துல வைக்க ஒக்காதுன்னு கமிட்டி சொல்லியாச்சு. உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“எலே, நீ ஒருக்கா வந்து பேசு.”

“பேச என்ன உண்டு அண்ணா? விழா வேலை தலைக்கு மேல கெடக்கு.”

பொன்னுதாஸ் படத்தின் மூலையைப் பார்த்தார். எண்ணெய்க் கறுப்பைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

“சஜினே, மூலையில என்னமோ எழுத்து தெரியுது. இங்கிலீஷ் மாதிரியாக்கும். எனக்கு வாசிக்கத் தெரியாதுலா.”

சஜின் பக்கத்தில் யாரிடமோ பேசிவிட்டுத் திரும்பி வந்தான்.

“ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சு நாலுபேருமா வாறோம். அதுவர யாரும் கை வைக்காம பாத்துக்கிடுங்க.”

“கை வைக்க இங்க யாருல இருக்கா,” என்றார் பொன்னுதாஸ்.