மூன்று விரற்கடைப் போடியார்

ஆரையம்பதி அழகரத்தினத்துக்கு வண்ணம் தீட்டும் வேலையை எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தகப்பன் தோணிகளுக்குத் தார் பூசியவர். தார் காய்ந்த ஒரு தோணியின் முன்பக்கத்தில் மகன் ஒரு கண் வரைந்து பார்த்தான். தோணிக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தொடக்கம் அவ்வளவுதான். பிறகு கரத்தை வண்டிப் பலகைகள், கடைப் பலகைகள், கடைசியில் கோயில் வாகனங்கள் என்று வேலை வளர்ந்தது.

குதிரை வாகனத்தைப் புதுக்கக் கொடுத்தபோதுதான் ஊர் அவரைச் சரியாக அறிந்துகொண்டது. பழைய வண்ணத்தைச் சுரண்டியவர், குதிரையின் வாய்க்குள் எத்தனை பல் இருக்க வேண்டும் என்று சந்தேகப்பட்டார். ஊரில் குதிரை இல்லை. மட்டக்களப்புக்கு நடந்து போய், ஒரு துரை வீட்டு வேலியோரம் இரண்டு நாள் நின்றார். மூன்றாம் நாள் குதிரைக்காரன் சலித்துப்போய்க் குதிரையின் உதட்டைத் தானே தூக்கிக் காட்டினான். முன்பக்கம் மேலே ஆறு, கீழே ஆறு. பழைய தச்சர் மேலே மட்டும் பதினொன்று செதுக்கியிருந்தார். அழகரத்தினம் ஐந்தை அடைத்துப் பூசிவிட்டார்.

"சாமிர குதிரைக்கே பல்லுப் புடுங்கின ஆள்" என்று அதன் பிறகு சொல்லத் தொடங்கினார்கள். அவர் அதை ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநான்காம் ஆண்டு ஊர் இளைஞர்கள் சேர்ந்து ஒரு நாடக சபை தொடங்கினார்கள். மேடைக்கு முன்திரை வேண்டும். துணி தருவதாக வினாயகமூர்த்திப் போடியார் முன்வந்தார். வட்டை எனப்படும் வயல்வெளிகள் மூன்றில் அவருக்கு நிலம். பேசும்போது நெஞ்சையும் வயிற்றையும் ஒன்றாக முன்னே தள்ளுவார். காத்தான்குடி கச்சி முகம்மதுவின் தறியில் நெய்வித்து, நான்கு அகலம் சேர்த்துத் தைத்து, பன்னிரண்டு முழ நீளத் திரை வந்து சேர்ந்தது. கூடவே போடியாரின் ஒரு விருப்பமும் வந்தது.

"லெச்சுமி, சரஸ்வதி எல்லா ஊருத் திரையிலயும் இருக்கு. நம்முட திரையில முகத்துவாரம் வெட்டினதைக் கீறு. நான் நிண்டு வெட்டுவிச்சதை நீயும் கண்டதானே."

அழகரத்தினம் கண்டிருந்தார். முந்திய மார்கழியில் மழை விடாமல் பெய்து, வாவி பெருகி, வயல்கள் கழுத்தளவு நீரில் நின்றன. வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணல் அணை மூடிக் கிடந்தது. அதை வெட்டித் திறந்தால்தான் வெள்ளம் வடியும். வட்டைக்கு இத்தனை ஆள் என்று மண்வெட்டியோடு தோணிகளில் போனார்கள். அழகரத்தினமும் போனார். கடற்பக்கமிருந்து மணலில் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு வந்து, வாவிப் பக்கம் ஒரு சிறு வரம்பை மட்டும் விட்டுவைப்பது வழக்கம். எல்லாரும் மேடேறிய பிறகு அந்த வரம்பை உடைப்பார்கள்.

தன் முறை வெட்டி முடித்து மணல் மேட்டில் இருந்தபோது அழகரத்தினம் ஒரு தென்னை ஈர்க்கை எடுத்தார். கையை நீட்டிப் பிடித்து, தூரத்தில் நின்ற ஒரு ஆளின் உயரத்தை அதில் நகத்தால் குறித்தார். பிறகு ஈர்க்கைப் படுக்கவைத்து, இந்தக் கரை மணலிலிருந்து அந்தக் கரை மணல்வரை எத்தனை ஆள் கொள்ளும் என்று எண்ணினார். நூறு ஆள். எண்ணி முடிக்கவும் வரம்பு தானாகவே உடைந்தது. வாவியின் செம்மண் நீர் பாய்ந்து, வாய்க்காலின் இரு கரையையும் கடித்துத் தின்றுகொண்டு கடலுக்குள் விழுந்தது. பச்சைக் கடலில் சிவப்பு நீர் விசிறிபோல விரிந்தது. இரண்டும் கலக்காமல், நடுவே கோடு கிழித்தாற்போல் வெகுநேரம் நின்றன.

அந்தக் கோட்டைத்தான் அவர் வரைய விரும்பினார். போடியார் தன்னை வரையச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

கடற்கரையோரம் வெறுமையாகக் கிடந்த, தேங்காய் காயவைக்கும் கொப்பறா வாடிக் கொட்டகையில் திரையைக் கட்டினார்கள். அழகரத்தினம் புளியங்கொட்டைப் பசை காய்ச்சி, செங்காவியும் விளக்குக்கரியும் சுண்ணாம்பும் நீலமும் குழைத்து ஏழு வாரம் வேலை செய்தார். பன்னிரண்டு முழத்தை நூறாகப் பிரித்தால் ஒரு ஆளுக்கு மூன்று விரற்கடைக்குச் சற்றுக் குறைவு. ஆகையால் மனிதர்களை அந்த அளவிலேயே வைத்தார். மற்ற இடமெல்லாம் தண்ணீரும் வானமும்.

காட்டும் நாளில் காலையிலேயே வாடி நிறைந்துவிட்டது. எல்லாரும் திரையை அண்ணாந்து பார்த்தார்கள். சிவப்பு நீர் தங்கள் மேலேயே பாயும்போலிருந்தது. முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் தங்களை அறியாமல் பின்னால் நகர்ந்தார்கள். பிறகு ஒருவர் கிட்டப் போய் மூக்கு முட்டப் பார்த்தார்.

"இந்தா நான்" என்றார். "இடக்கையால மண்வெட்டி பிடிக்கிறது நான் மட்டும்தான்."

உடனே தள்ளுமுள்ளு. முகம் ஒன்றுமே இல்லாத அந்தச் சிறு உருவங்களில் ஒவ்வொருவரும் தங்கள் முதுகைக் கண்டுபிடித்தார்கள். கூனலைக் கொண்டு ஒருவர், காலை அகட்டி நிற்பதைக் கொண்டு இன்னொருவர். ஒரு ஆள் வேலை செய்யாமல் மண்வெட்டிப் பிடியில் நாடியை ஊன்றி நின்றான். அது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவன் மனைவிக்குச் செய்தி அப்போதே போய்விட்டது.

போடியார் மட்டும் திரையின் நடுவைப் பார்த்தபடி நின்றார். நடுவில் தண்ணீர்தான் இருந்தது.

"நான் எங்க?"

அழகரத்தினம் தூரிகையின் அடிக்கட்டையால் வலப்பக்க மூலையைக் காட்டினார். குடை ஒன்று காற்றில் பறந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே, வயிறு முன்னே தள்ளிய ஒரு மூன்று விரற்கடை ஆள் ஓடிக்கொண்டிருந்தார்.

வாடியில் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. சிரிப்பதைவிட அது மோசமாக இருந்தது.

"நீ என்னை ஓட வச்சிருக்கா."

"எல்லாரும்தானே ஓடின, போடியார். ஓடாம நிண்டவன் ஆரும் இருந்தா அவனைக் கீற ஏலா. கடலுக்குள்ள போயிருப்பான்."

"கோயில் சுவரில ராசாவைக் கீறினா எப்படிக் கீறுவாங்க? பெரிசா. சேவகனைச் சின்னதா. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நான் ஈர்க்கால அளந்துதான் கீறின."

"மனிசனை ஈர்க்கால அளக்கிறதா" என்றார் போடியார். "நல்லாக் கேள். வெள்ளிக்கிழமைக்குள்ள நான் நடுவில, குடையோட, ஆள் உயரத்தில நிக்கவேணும். இல்லாட்டி இதுக்கு மேல சுண்ணாம்பு அடிச்சு லெச்சுமியைக் கீறச்சொல்லி வேற ஆளைக் கூட்டிவருவன். துணி என்ட துணி."

அன்று அழகரத்தினம் சோற்றை அளைந்துகொண்டே இருந்தார். மனைவி ஆச்சிப்பிள்ளை மீன்குழம்பைத் தட்டில் ஊற்றிவிட்டுக் கேட்டாள்.

"இஞ்ச பாருங்க, அந்த மனிசனை ஒரு ரெண்டு முழமாக் கீறிவிட்டா என்ன குறையப்போகுது?"

"கடல் குறையும்."

"கடலா? கடல் உங்களை வந்து கேட்டதா?"

"கடல் கேளாது. நான் பாத்தா எனக்குத் தெரியுமே. அவரைப் பெரிசாக்கினா, தண்ணி ஓடை மாதிரிப் போயிரும். பிறகு இந்தச் சனம் எதுக்குப் பயந்து ஓடுது? அவருக்கா?"

ஆச்சிப்பிள்ளை யோசித்தாள். "அவருக்குப் பயந்தும் ஓடுற சனம்தான்" என்றாள். பிறகு, "சுண்ணாம்பு அடிச்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். ஏழு வாரத்தில் அந்தச் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவிலிருந்த கோட்டுக்கு மட்டும் மூன்று வாரம் போயிருந்தது. இன்னொரு முறை அது வரும் என்று அவருக்கு நம்பிக்கை இல்லை. எல்லாவற்றையும் அளக்கத் தெரிந்தவருக்கு அந்தக் கோடு எப்படி வந்தது என்று மட்டும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. திரையில் ஒன்றும் மாறவில்லை. போடியார் இரண்டு வாளி சுண்ணாம்போடு வந்தார். அதே நேரம் கச்சி முகம்மதுவும் வந்து சேர்ந்தார். தன் துணி எப்படி நிற்கிறது என்று பார்க்க ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு நடந்து வந்திருந்தார்.

"தம்பி, புடவை இழுபட்டு நெளியல்லதானே?" என்று கேட்டுக்கொண்டே, எந்தத் துணியையும் புடவை என்றே சொல்லும் நெசவாளர் திரையை மூலை மூலையாகத் தடவிப் பார்த்தார். வலது மூலைக்கு வந்ததும் குனிந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டார். கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டார்.

"போடியார், உங்கட கையில புடவை இருக்கே."

"எந்தக் கையில?"

"இந்தக் கையில. வெள்ளையா ஒரு இழுப்பு. நான் நுரையாக்கும் எண்டு பாத்தன். நுரை இப்படி மடியாது. இது நாலு முழ வேட்டி. நெய்யிறவன் கண்ணுக்குப் புடவை தெரியாதா?"

எல்லாரும் கிட்ட நெருங்கினார்கள். வேட்டியின் மறுமுனை ஓடும் போடியாருக்குப் பின்னால் நீண்டு, நுரைக்குள் போய், அங்கே இன்னொரு மூன்று விரற்கடை ஆளின் கையில் முடிந்தது. அந்த ஆளின் இடுப்பில் ஒன்றுமே இல்லை.

"யா அல்லாஹ்" என்றார் கச்சி முகம்மது மெதுவாக. "இது ஆர்ர வேட்டி, தம்பிமாரே?"

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர் நழுவப் பார்த்தார். அவர் கனகசிங்கம், வாவி மீனவர். முகத்துவாரத்தை அன்று வெட்டக்கூடாது, இறால் இன்னும் வளரவில்லை, பத்து நாள் பொறுக்க வேண்டும் என்று சண்டை பிடித்து, வெட்டிய வாய்க்காலுக்குள்ளேயே போய்க் குந்தியவர். அவரை எழுப்ப இறங்கியவர் போடியார். "எழும்பு" என்று ஒருவர், "மாட்டன்" என்று ஒருவர் நின்ற நேரத்தில்தான் வரம்பு உடைந்தது. மற்றவர்கள் திரும்பிப் பாராமல் ஓடினார்கள். தண்ணீர் அடித்துக்கொண்டு போன கனகசிங்கத்தை, கையில் அகப்பட்ட வேட்டியைப் பிடித்துப் போடியார் இழுத்தார். முதலில் வேட்டி வந்தது. அதன் மறுமுனையைப் பற்றிக்கொண்டு பின்னால் ஆள் வந்தார்.

மூன்று மாதமாக இருவரும் இதை வெளியே சொல்லவில்லை. எதிரியைக் காப்பாற்றியதைச் சொல்லப் போடியாருக்கு விருப்பமில்லை. எந்தக் கோலத்தில் காப்பாற்றப்பட்டார் என்பதைச் சொல்லக் கனகசிங்கத்துக்கு விருப்பமில்லை. மணல் மேட்டில் ஈர்க்கோடு ஒருவர் இருந்தது இருவருக்கும் தெரியாது.

கனகசிங்கம் முன்னே வந்தார். காது சிவந்திருந்தது.

"மச்சான் அழகரத்தினம், ஒரு சின்ன வேலை. எனக்கு இடுப்பில ஒரு துணி கட்டிவிடு."

"கட்டினா அவர் எதைப் பிடிச்சு உன்னை இழுக்கிற?"

"கையைப் பிடிச்ச மாதிரிக் கீறு."

"கையைப் பிடிக்கல்லியே."

"அப்ப என்னையே அழிச்சிரு."

"அழிச்சா போடியார் சும்மா ஓடுறார் எண்டு ஆகும்."

போடியார் இப்போது தானும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் சிரிக்கவில்லை. "நம்மட போடியாரா திரும்பிப் போய் இழுத்த?" என்று யாரோ பக்கத்து ஆளிடம் கேட்டார். கேட்ட குரலில் மரியாதை இருந்தது. போடியாரின் வயிறு மெல்ல முன்னே வந்தது.

"சரி" என்றார். "நான் இழுத்ததைச் சனம் தெளிவாப் பாக்கவேணும். இதையே நடுவில வச்சு, ஆள் உயரத்துக்குக் கீறு."

"போடியார், உங்களை ஆள் உயரத்துக்குக் கீறினா அவனையும் ஆள் உயரத்துக்குத்தான் கீறவேணும்" என்றார் அழகரத்தினம்.

வாடியில் இருந்த எல்லாரும் அதை மனதுக்குள் கற்பனை செய்து பார்த்தார்கள். கனகசிங்கம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் முந்திப் பார்த்துவிட்டார்.

"என்ட ரெண்டு பொம்புளப் பிள்ளையளும் கலியாணத்துக்கு நிக்குதுகள்" என்றார். போடியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊருக்கு முன்னால நான் சொல்றன், என்னைக் காப்பாத்தினது நீங்கதான். எந்தக் கோயிலிலயும் வந்து சொல்றன். ஆனா இந்த அளவு போதும். இதிலயும் கொஞ்சம் குறைக்க ஏலுமெண்டாலும் எனக்குச் சம்மதம்."

"ஏலா" என்றார் அழகரத்தினம். "மூண்டு விரற்கடை."

அது மணல் மேட்டில் கேட்டிருக்க வேண்டிய நன்றி. மூன்று மாதம் பிந்தி, கொப்பறா வாடிக்குள் கேட்டது. போடியார் சற்று நேரம் கனகசிங்கத்தின் கையை விடாமல் நின்றார். பிறகு சுண்ணாம்பு வாளிகளைக் கொண்டுவந்த ஆட்களைப் பார்த்து, "என்னத்துக்கு நிக்கிறீங்க? கொண்டுபோய் மாட்டுத் தொழுவத்துக்கு அடிங்க" என்றார்.

திரை அந்தச் சித்திரையில் மேடை ஏறியது. நாடகம் தொடங்கப் பிந்தியது, ஏனென்றால் ஊர் முழுவதும் வலது மூலைக்கு வந்து மூக்கு முட்டப் பார்த்துவிட்டுத்தான் போய் உட்கார்ந்தது. பார்த்தவர்கள் திரும்பி நடக்கும்போது ஒரு தரம் நின்று முழுத் திரையையும் பார்த்தார்கள். கிட்டப் பார்த்தபோது சிரித்தவர்கள் எட்ட நின்று பார்த்தபோது சிரிக்கவில்லை. அழகரத்தினம் மேடைக்குப் பக்கத்தில் நின்று அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மார்கழியிலும் வாவி பெருகியது. முகத்துவாரம் வெட்டப் போகும் கிழமை காத்தான்குடிக் கடைகளில் இடுப்பு வார் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வேட்டிக்கு மேல் வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆட்கள் தோணியில் ஏறினார்கள். மணல் அணைக்கு வந்த பிறகு ஒருவரும் குனியவில்லை. போன முறை முதுகு மட்டும் வந்ததால், இந்த முறை எல்லாரும் அழகரத்தினத்தை நோக்கி முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"வெட்டுங்கடா" என்றார் அவர். "இந்த வருசம் நான் கீறல்ல."

அவர் பொய் சொல்லாதவர் என்பதால் நம்பினார்கள். பெருமூச்சு விட்டு வார்களைத் தளர்த்திக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். பகல் திரும்பும் நேரம் வரம்பை உடைத்தார்கள். ஒரு வட்டைக்காரரும் ஒரு மீனவரும் குறைவில்லாமல் மேடேறி நின்றார்கள்.

போடியார் அழகரத்தினத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சிவப்பு நீர் பச்சைக் கடலுக்குள் விரிந்துகொண்டே போனது. அவர் அதை நெடுநேரம் பார்த்தார்.

"போன முறையும் இது இவ்வளவு பெரிசாவா இருந்த?"

"ஓம், போடியார். அப்ப நீங்க மற்றப் பக்கம் பாத்து ஓடிக்கொண்டு இருந்த."