தட்டு வாங்காத கை

பக்கவாதத்தில் மடங்கிப்போன விரல்களை மின்சாரத்தால் விரிக்கும் சிறு கருவி ஒன்றை அறுபதுகளில் பம்பாய் ஆஸ்பத்திரி ஒன்றில் சோதித்துவந்தோம். இடுப்பில் பேட்டரிப் பெட்டி, முன்கையில் ஈரத்துணி சுற்றிய இரண்டு தகடுகள். இருந்தது ஒன்றே ஒன்று. மாட்டுங்காவில் குடியிருந்த நான்தான் அதைச் செய்த இன்ஜினீயர்.

தாராவித் தோல் பட்டறைக்காரர் ஒருவருக்கு வலக்கை முஷ்டியாக இறுகியிருந்தது. பொத்தானை அழுத்தினால் விரல்கள் விரியும். விட்டால் தானாக மூடி, கொடுத்ததைப் பற்றிக்கொள்ளும். “தொறக்கது நீங்க, மூடுதது நான். கூட்டு யாவாரம்லா சார்!” என்று சிரிப்பார்.

ஒருநாள் சிரிக்காமல் கேட்டார்: “ஞாயித்துக்கெழம என் ஒரே மகளுக்கு நிச்சயதாம்பூலம். தட்டு மாத்துத வரைக்கும் இது என் கையில கெடக்கட்டும் சார். பெத்தவன் எடக்கையால வாங்கினா சபைல என்ன நெனைப்பாவ?”

அதே ஞாயிறு காலையில் வெளியூர் டாக்டர்களுக்குக் கருவியைக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் தள்ளிவைக்கக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. கருவி பழுதாகிவிட்டது என்று அவரிடம் பொய் சொன்னேன். டாக்டர்கள் முன் அதை என் நல்ல கையில் கட்டிக் காட்டினேன், கைதட்டினார்கள்.

மறுவாரம் அவர் சோதனைக்கு வரவில்லை. தாராவிக்குத் தேடிப் போனேன். தட்டை அவர் தம்பி வாங்கினாராம். இவர் சபைக்கே வராமல் பக்கத்து வீட்டில் இருந்துவிட்டாராம்.

“மிஷின் சரியாகிவிட்டது, வாருங்கள்” என்றேன்.

“மிஷின் கெட்டதுக்கு நீங்க என்ன செய்விய சார்? ஆனா இனி தொறந்து எதை வாங்கப் போறேன்?” என்று முஷ்டியைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.